முதலில் கேளுங்கள், பிறகு குளிசையைக் கொடுங்கள்

பசறைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்து வாசலில் அமர்ந்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், உள்ளே சென்று பழைய பிஸ்கட் தகரமொன்றை எடுத்துவந்து என் முன்னே வைத்தார். அதற்குள் மூன்று குளிசை அட்டைகள். வெளிநாட்டில் வாழும் மருமகன் அனுப்பியவை. பீடியை விடுவதற்கான மருந்து என்று தொலைபேசியில் சொன்னாராம். அட்டையில் இருந்தது ஆங்கில எழுத்து.

"ஐயா பேப்பர்ல எழுதினவரு. படிச்சுச் சொல்லுங்க, இத முழுங்கலாமா?"

படித்தேன். புப்ரோபியோன். அடுத்து அவருடைய கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். வலிப்பு நோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து உட்கொள்பவர் அவர். வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியோன் கொடுக்கலாகாது என்பது அம்மருந்தின் தகவல் தாளிலேயே அச்சிடப்படும் எச்சரிக்கை. ஆனால் அந்தத் தாள் வரவில்லை. பொதியின் எடையைக் குறைப்பதற்காகப் பெட்டியையும் தாளையும் எறிந்துவிட்டு அட்டைகளை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு முன்பே அவர் இருவரிடம் கேட்டிருக்கிறார். ஒருவர், "வருத்தக்காரனுக்கு இந்த மருந்தெல்லாம் ஆகாது, மனக்கட்டுப்பாட்டோடு விட்டுவிடு" என்றாராம். மற்றவர், "நல்ல மருந்துதான், போடலாம்" என்றாராம். இருவருமே அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. என் வழக்கு இந்த இருவர் மீதும்தான். ஒருவர் கேட்காமல் மறுத்தார். மற்றவர் கேட்காமல் அனுமதித்தார்.

மறுத்தவரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நோயாளிக்குப் புகைவிடும் மருந்து ஆபத்து என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இருதய நோயாளிக்கு நிக்கொட்டின் ஒட்டுப்பட்டையா என்று பதறுகிறவர்கள், அதே நோயாளி நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி புகைப்பதைக் கண்டு பதறுவதில்லை. பீடிப் புகையில் நிக்கொட்டினோடு காபன் மொனொக்சைட்டும் தாரும் வருகின்றன. ஒட்டுப்பட்டையில் அவை இல்லை. நிக்கொட்டினும் மெதுவாகவே உடலில் சேர்கிறது. மாரடைப்பு வந்து ஓரிரு வாரங்களே ஆனவர், கடுமையான இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர் போன்றோர் விடயத்தில் வைத்தியர் சிந்தித்தே முடிவு செய்வார். நிலைபெற்ற இருதய நோயுள்ள ஏனையோருக்குப் புகைதான் பெரிய எதிரி.

மனநோய் பற்றிய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வரெனிக்லின் 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய முறைப்பாடுகள் எழுந்ததால், 2009இல் அதற்கும் புப்ரோபியோனுக்கும் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை விதிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க ஒழுங்குமுறை நிறுவனம் கோரிய பெரும் ஆய்வொன்று, எட்டாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டு நடத்தப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் வரலாறு உடையவர்கள். ஒட்டுப்பட்டையோடும் வெற்றுக் குளிசையோடும் ஒப்பிடுகையில், இம்மருந்துகளால் கடுமையான மனப் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிக்கவில்லை என்று 2016இல் முடிவு வெளியாயிற்று. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை மருந்தை விற்கும் நிறுவனங்களே என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரனுக்கு அது உறுத்தும். ஆயினும் அந்த ஆண்டின் இறுதியில் கறுப்புக் கட்டம் நீக்கப்பட்டது. மனநிலை மாறினால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்ற அறிவுரை மட்டும் நிற்கிறது. அது நியாயமான அறிவுரை.

"மருந்தே இல்லாமல் விடுவதுதான் பாதுகாப்பு" என்போருக்கும் ஒரு வார்த்தை. புகையிலுள்ள தார்ப்பொருட்கள் ஈரலை முடுக்கி, சில மருந்துகளை விரைவாக உடைக்கச் செய்கின்றன. தொய்வுக்குக் கொடுக்கப்படும் தியோபிலின், மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோசப்பின், ஓலன்சப்பின் ஆகியவை அத்தகையவை. புகையை நிறுத்தியதும் ஈரலின் வேகம் தணிகிறது. பழைய அளவிலேயே விழுங்கும் மருந்து இரத்தத்தில் ஏறிவிடுகிறது. குளிசை போட்டு விட்டாலும் குலதெய்வத்தின் மீது சத்தியம் செய்து விட்டாலும் இது நடக்கும். தேநீரிலுள்ள கஃபீனுக்கும் இதே கதிதான். பீடியை விட்ட தொழிலாளி வழக்கமான சாயத்தண்ணியையே குடித்துவிட்டுப் படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, "பீடி இல்லாததால்தான்" என்று மீண்டும் பற்றவைக்கிறான். தேநீரைச் சற்றுக் குறைத்துக்கொள் என்று அவனிடம் சொல்வார் எவருமில்லை. ஆகவே, மனக்கட்டுப்பாட்டோடு விடு என்று அனுப்பிவைப்பவரும் கொப்பியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

இனி, போடலாம் என்று அனுமதித்தவரிடம் வருகிறேன். அவர் கேட்டிருக்க வேண்டியவை நான்கே கேள்விகள்.

முதலாவது, வலிப்பு வந்ததுண்டா? பெரியவரின் கதையைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, குடிப்பதுண்டா, எவ்வளவு? கார்த்திகை பிறந்ததும் மாலை அணியும் மலையகத்து இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். சாராயத்தையும் கசிப்பையும் சிகரெட்டையும் ஒரே நாளில் துறக்கிறார்கள். விரதம் போற்றத்தக்கது. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினாலே வலிப்பு வரக்கூடும். அந்த வேளையில் புப்ரோபியோன் எரிகிற தீயில் ஊற்றிய எண்ணெய். வரெனிக்லின் உட்கொள்வோர் சிலருக்கு மதுவின் போதை வழமைக்கு மாறாக ஏறுவதையும், அரிதாக வலிப்பு நேர்வதையும் 2015இல் அமெரிக்க நிறுவனம் எச்சரித்தது.

மூன்றாவது, சிறுநீரகம் எப்படி? வரெனிக்லின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. வழமையான முழு அளவு ஒரு மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவருக்கு அதில் பாதிக்கு மேல் கொடுக்கலாகாது. பதுளை மாவட்டத்திலா இக்கேள்வியை மறப்பது? மலையிலிருந்து இறங்கினால் இதே மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டை, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் நாடறிந்த ஊர்.

நான்காவது, வேறு என்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள்? தியோபிலினுக்காக மட்டுமல்ல, நீரிழிவுக்காரருக்காகவும் இதைக் கேட்க வேண்டும். புகையை விட்டபின் இரத்தச் சர்க்கரை மாறக்கூடும். அதனை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

நான்கு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். அவற்றைக் கேட்க யார் இருக்கிறார்கள்? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட மருந்தகங்கள் பலவற்றில் இருப்பவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். நகரத்து வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய கைக்காசு போய்விடும். சென்றும் தமிழில் கேட்பார் இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆண்டுகள் பல சென்றும் என் முன்னிருந்த கொப்பியில் ஒரு தமிழ் எழுத்தைக் காணவில்லை.

சம்பளப் பிரச்சினையே தீராத இடத்தில் புகைவிடும் மருந்து ஆடம்பரம் என்று தொழிற்சங்க நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். உலக சுகாதார நிறுவனம் நிக்கொட்டின் மாற்று மருந்தை 2009இலும், வரெனிக்லின், புப்ரோபியோன் ஆகியவற்றை 2021இலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2024 ஜூலையில், புகையிலையை விடுவதற்கான முதலாவது சிகிச்சை வழிகாட்டியையும் வெளியிட்டது. அத்தியாவசியம் என்று உலகம் சொல்வதை ஆடம்பரம் என்று நாம் சொன்னால், அதனால் மகிழப்போவது புகையிலைக் கம்பனி மட்டுமே. அரசும் சிகரெட் பெட்டியின் எண்பது வீதத்தை எச்சரிக்கைப் படங்களால் மூடச் செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறது. பயந்தவன் விட விரும்பினால் எங்கே போவான் என்பதற்கு அந்தப் படத்தில் விடையில்லை.

நான் கேட்பது புதிய வைத்தியசாலை அல்ல. இந்த நான்கு கேள்விகளையும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் ஒட்டுங்கள். கிளினிக் கொப்பியில் "புகைப்பவரா" என்பதற்கு ஓரிடம் வையுங்கள். மருந்து கொடுப்பவர் அதனைப் பார்த்துக் கையொப்பமிடட்டும். சுகாதார அமைச்சும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டாமல் இதைச் செய்ய முடியும்.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் நாட்டில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்காத குளிசையை, சீட்டெழுதும் வைத்தியர் பார்த்தேயிராத ஒருவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டுமென்றால் வைத்தியரிடம் சென்றுவர ஓட்டோக் கூலியை அனுப்புங்கள். அங்கே கொப்பியோடு போகச் சொல்லுங்கள்.

பெரியவரிடம் அந்தக் குளிசையைத் தொடவேண்டாம் என்றும், வலிப்பு மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னேன். தகரத்தையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஓர் அரச வைத்தியசாலைக்குப் போனார். அந்தக் குளிசை ஆகாது என்று வைத்தியர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அதற்குப் பதிலாக எது ஆகும் என்பதைத்தான் எவரும் சொல்லவில்லை. அடுத்தமுறை நான் போனபோது அவர் வாசலில் அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். "ஆகாதுன்னாங்க ஐயா" என்றார்.