ஆற்றங்கரை யாருக்குச் சொந்தம்?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

தோற்றவர்களுக்கும் சொல்வதற்கு ஏதேனும் மிச்சம் இருக்கும் அல்லவா? எங்களுக்கு நிறையவே இருக்கிறது.

புவியியல் வகுப்பில் ஆற்றுப் படிவுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சிஸ்டர், ஆற்று மணலை அரித்துப் பொன் எடுப்பவர்களைப் பற்றி ஒருநாள் சொன்னார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக அல்ல, வெறும் பொழுதுபோக்குக்காக! விடுமுறை நாளில் ஒரு தட்டும் சிறு மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிடும் மக்கள் ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றும் இருக்கிறார்களாம். “ஆற்றுக்குப் போகும் வழியில் பிறருடைய நிலம் இருந்தால் என்ன செய்வார்கள், சிஸ்டர்?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியே இலக்கிய மன்றத்தில் பட்டிமன்றமாயிற்று. “ஆற்றங்கரை அனைவருக்கும் பொது” என்று நாங்கள் நால்வர் பேசினோம்; தோற்றோம். மேடையில் மணி அடித்ததால் சொல்லாமல் விட்டவற்றை இங்கே சொல்ல இடம் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். பொன், சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனமானது. தட்டில் மணலையும் நீரையும் இட்டுச் சுழற்றினால் மணல் வழிந்தோடும். பொன் அடியில் தங்கும். நம் வீட்டில் அம்மா அரிசி களைந்து கல் அரிப்பதும் இதே வித்தைதான். ஆறு வளைகின்ற இடத்தில் உட்புறக் கரையிலும், பாறை வெடிப்புகளிலும் பொன் ஒதுங்கும். ஆகவே பொன் அரிப்பவருக்கு ஒரு படித்துறை மட்டும் போதாது. கரையோரமாகவே நெடுந்தூரம் நடந்து தேட வேண்டும். நிலக்காரருக்கும் அவருக்கும் சச்சரவு முளைப்பது இதனால்தான்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் கில்டோனன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1813 முதல் 1819 வரை அங்கிருந்த குடியானவர்களை நிலப்பிரபுக்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக வெளியேற்றினார்கள். சிலர் கனடா வரை போய்க் குடியேறினர். பிறகு 1868இல், அதே கில்டோனனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் 17 ஆண்டுகள் பொன் தேடிவிட்டுத் திரும்பிய ராபர்ட் கில்கிறிஸ்ட் என்பவர், தம் ஊர் ஓடையிலேயே பொன் கண்டார்! அடுத்த ஆண்டில் நூற்றுக்கணக்கானோர் வந்து கூடாரம் அடித்தனர். அக்குடியிருப்புக்கு அவர்கள் மொழியில் பைல் அன் ஓர் என்று பெயர். பொன்னூர் என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்! சதர்லாந்துப் பிரபு ஒவ்வொருவரிடமும் மாதம் ஒரு பவுண்டு உரிமக் கட்டணம் வசூலித்தார். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் முறையிட்டனர். மான் வேட்டைக்கும் சால்மன் மீன்பிடிப்புக்கும் வரும் செல்வந்தர்கள் தரும் வாடகையும் கெட்டது. அந்த 1869ஆம் ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். முன்பு ஆடுகளுக்காகப் போனார்கள். இப்போது மீனுக்கும் மானுக்குமாகப் போனார்கள்.

இன்று அதே ஓடையில் பொழுதுபோக்காகப் பொன் அரிக்கலாம். ஆனால் எப்படி? அந்த எஸ்டேட்டின் உரிமையாளர் மனமுவந்து அனுமதிப்பதால். ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்திலும் நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. ஆயினும் இலாபத்துக்காக எதையும் எடுத்துச் செல்ல அந்த உரிமை செல்லாது. பொன்னும் அங்கே பழைய காலத்திலிருந்தே அரசருக்கு உரியது. கரையில் நடக்கலாம், தட்டை எடுத்தால் அனுமதி கேட்க வேண்டும். இன்றைய உரிமையாளர் நல்லவர். நாளை எஸ்டேட் கைமாறினால்? உரிமையாளரின் நல்ல குணத்தை நம்பி நிற்பதற்குப் பெயர் உரிமையா, சலுகையா? எங்களுக்கு இது சலுகையாகத்தான் தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைப் பாருங்கள். அங்கும் தொடக்கத்தில் சண்டைதான். மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் தாங்காமல் பொன் தோண்டுவோர் எதிர்த்து நின்றனர். 1854 டிசம்பர் 3ஆம் நாள் யுரேகா என்னுமிடத்தில் இரத்தம் சிந்திற்று. அடுத்த ஆண்டே, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும் என்று சுரங்கக்காரர் உரிமை என்னும் சீட்டு வந்தது. அந்தச் சீட்டு அதே பெயரோடு இன்றும் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் பத்தாண்டுகளுக்குச் செல்லும். பொழுதுபோக்காகத் தேடுவோர்தாம் இப்போது வாங்குகிறார்கள். (ஏதாவது கிடைக்கிறதா என்று பெற்றோர்கள் கேட்கக் கூடும். 1980இல் கிங்கோவர் என்னும் ஊரில் ஒருவருக்கு உலோகம் காட்டும் கருவியால் 27 கிலோ எடையுள்ள பொற்கட்டி கிடைத்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதுகுவலி.)

அதைவிட முக்கியமானது 1881இல் நடந்தது. விக்டோரியாவின் ஏறத்தாழ 280 ஆறுகள், ஓடைகளின் கரையோரத்தில் தனியாருக்கு இன்னும் விற்காமலிருந்த நிலத்தை ஒரு பட்டையாக ஒதுக்கி, இனி இது யாருக்கும் விற்கப்படாது என்று அரசு ஆணையிட்டது. நம் ஊர்ப் பெரியவர்கள் ஆற்றுப் புறம்போக்கு என்பார்களே, ஏறக்குறைய அது போன்றதுதான். பக்கத்து விவசாயி கட்டணம் செலுத்தி அதில் மாடு மேய்க்கலாம். ஆனால் பொழுதுபோக்குக்காக நடப்பவரையும் தூண்டில் போடுபவரையும் துரத்த முடியாது. 2021இல் குறிப்பிட்ட இடங்களில் கூடாரம் அடித்துத் தங்கவும் சட்டம் வழிவிட்டது. கரை பொது என்று முன்கூட்டியே எழுதி வைத்ததனால், நிலக்காரரிடம் யாரும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அவருடைய சொந்த நிலத்துக்குள் போவதென்றால் மட்டும் அவர் சம்மதம் வேண்டும். அது நியாயந்தானே?

இனி எதிரணி. எங்களைத் தோற்கடித்தவள் எங்கள் வகுப்புத் தோழியே. அவளுடைய தாத்தாவுக்கு ஆற்றோரத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. “வருகிறவர்கள் குழி தோண்டுகிறார்கள், பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், படலைத் திறந்துபோட்டுப் போகிறார்கள். குழியில் விழுந்து மாட்டுக்குக் கால் ஒடிந்தால் அரசாங்கமா வந்து கட்டுப் போடும்?” என்று அவள் கேட்டாள். அவையில் ஒரே கைதட்டல். எங்கள் அணித் தலைவிக்குப் பதில் வரவில்லை.

நியாயமான கேள்வி என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். விக்டோரியாவில் கூடாரம் அடிக்க அனுமதி வந்தபோது அங்குள்ள விவசாயிகளும் அனேகமாக இவள் பேசியதையே பேசினார்கள். மாட்டைவிட ஊமையான ஓர் உயிரும் உண்டு. சால்மன் மீன் மழைக்காலக் கடைசியில் ஆற்றின் கூழாங்கல் படுகையில் வாலால் பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. குளிர்காலம் முழுவதும் முட்டைகள் அந்தக் கல்லுக்கடியில்தான் கிடக்கின்றன. அங்கே ஒருவர் மண்வெட்டியைப் போட்டால் என்ன ஆகும்? மண்வெட்டியாவது பரவாயில்லை, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆற்றுப் படுகையை உறிஞ்சி எடுக்கும் மோட்டார் எந்திரங்களையே பொழுதுபோக்குக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சால்மனுக்கு ஆபத்து என்று 2009இல் அங்கே அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. எந்திரம் வந்த பிறகு அது பொழுதுபோக்கு என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே எங்கள் கட்சியைச் சற்றே திருத்திக்கொள்கிறோம், கைவிடவில்லை. கரை சட்டப்படி பொதுவாக இருக்க வேண்டும். ஒருவர் தயவில் இருக்கக் கூடாது. கையால் ஆளும் கருவியோடு யாரும் இறங்கலாம். மீன் முட்டையிடும் மாதங்களில் யாரும் இறங்கக் கூடாது. தோண்டிய குழியைத் தோண்டியவரே மூட வேண்டும். விக்டோரியாவில் அந்தச் சீட்டு வாங்குகிறவருக்கு இது சட்டக் கடமையாகவே இருக்கிறது. அங்கேயும் எல்லா ஆறுகளும் திறந்திருப்பதில்லை. சில ஆறுகளில் பொன் தேடக் கூடாது என்று பட்டியலே உண்டு. பட்டிமன்றத்தன்று இந்தப் பதில் எங்களுக்குத் தெரிந்திருந்தால்!

நிலக்காரருக்கு இதனால் நட்டமா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பூட்டிய வேலியை இரவில் தாண்டி வருகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. உரிமைச் சீட்டோடு பகலில் வருகிறவரை நிறுத்தி, பெயர் என்ன, குழியை மூடினாயா என்று கேட்கலாம்.

பட்டிமன்றம் முடிந்த மறுவாரம் தோழி எங்கள் நால்வரையும் தாத்தாவின் தோப்புக்கு அழைத்துப் போனாள். தாத்தா இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் கணுக்காலளவுதான் இருந்தது. வெகுநேரம் நின்று விளையாடினோம். திரும்பி வருகையில் படல் திறந்து கிடந்தது. கன்றுக்குட்டி சாலைக்குப் போய்விட்டிருந்தது. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. கன்றைப் பிடித்து வந்து கட்டிவிட்டு, படலை இழுத்துச் சாத்தினார். தோழி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியாக உள்ளே வந்தது எங்களில் யார் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.