"என்ர மெஷினில ஓடுது" எண்டு இனிச் சொல்லாதீங்க

குரூப் ப்ரொஜெக்ட், நாலு பேர். ஒருத்தன் ஆண்ட் பில்ட் ஸ்கிரிப்ட் எழுதினான். வைவாவுக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் மற்ற மூண்டு பேரும் இறக்கி ஓட்டிப் பார்த்தால் 100 எரர். (அதுக்கு மேலயும் இருந்திருக்கும். ஜாவா கம்பைலர் வழமையா நூறோட எண்ணுறதை நிப்பாட்டிவிடும்.) வாட்சப்பில் கேட்டம். வந்த பதில் உங்களுக்கே தெரியும்: "என்ர மெஷினில ஓடுது மச்சான், உங்கட செட்டப் பிழை."

குரூப்பில் இருந்த ஒரே பெண்பிள்ளைக்கு "முதல்ல ஜாவாவை ஒழுங்கா இன்ஸ்டோல் பண்ணும்" எண்டு அறிவுரை வேற. கடைசியில் பில்ட் ஃபைலைத் திறந்து பார்த்ததும் அவள்தான். கிளாஸ்பாத்தில் சி டிரைவ், யூசர்ஸ், அவன்ர பேர், டெஸ்க்டொப், "ஃபைனல் நியூ 2", அதுக்குள்ள டேட்டாபேஸ் டிரைவர் ஜார். அவளின்ர லினக்ஸ் லப்டொப்பில் சி டிரைவே இல்லை!

இதைச் சின்னக் கவனயீனம் எண்டு நான் ஏற்கமாட்டன். முழுப் பாதையை ஸ்கிரிப்டில் எழுதுறவன் உலகத்தில் தன்ர கொம்பியூட்டர் ஒண்டுதான் இருக்கு எண்டு நினைக்கிறான். ஓடாதவர்களைக் குற்றவாளியாக்குறது அதுக்கு அடுத்த படி. ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் டொம்காட்டுக்காக ஆண்டை எழுதினதே எந்த ஓஎஸ்ஸிலும் பில்ட் ஓடவேணும் எண்டுதான். அந்தக் கருவிக்குள்ள போய் டெஸ்க்டொப் பாதையை எழுதுறம்.

செய்யவேண்டியது பெரிய வித்தையில்லை. ஜார்களை ப்ரொஜெக்டுக்குள்ள "லிப்" ஃபோல்டரில் போட்டு, பாதையை பேஸ்டிரில் இருந்து தொடங்கினால் முக்கால்வாசிப் பிரச்சினை முடிஞ்சுது. ஆளாளுக்கு வேறுபடுகிறதை, உதாரணத்துக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை, தனி புரொப்பர்ட்டீஸ் ஃபைலில் வைச்சு, அதை கிட்டில் ஏத்தாமல் விடுங்க. ஆனால் ஒண்டு: ஆண்டில் ஒரு புரொப்பர்ட்டிக்கு முதல் கிடைச்ச பெறுமதிதான் கடைசி வரைக்கும். பிறகு வாறது முன்னதை மாத்தும் எண்டு நினைச்சு சொந்த ஃபைலைக் கீழ போட்டு, "ஆண்ட் பிழை" எண்டு திட்டுறவை நிறைய. சொந்த ஃபைல் மேல, பொது ஃபைல் கீழ. அந்த ஃபைல் இல்லாட்டியும் ஆண்ட் சத்தம் போடாது. வைக்காத புரொப்பர்ட்டியின்ர பேரை அப்படியே டொலர் குறியோட எடுத்து அந்தப் பேரில் ஃபோல்டரே கட்டித் தரும். எங்கட ரெப்போவில் அப்படியொண்டு கனநாள் கிடந்தது.

தமிழில் ஆப் செய்யிறவைக்கு இன்னொண்டு. ஜாவாசி டாஸ்க்கில் என்கோடிங் யூடிஎஃப்-8 எண்டு எழுதாட்டி, ஜாவா 18க்கு முந்தின கம்பைலர்கள் ஓஎஸ்ஸின்ர என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் "வணக்கம்" எண்டு வாறது விண்டோஸில் குப்பை எழுத்தாய் வரும். 18, 2022இல்தான் வந்தது. கம்பஸ் லாப்களில் இன்னும் 8உம் 11உம்தானே ஓடுது. ஒரு வரி எழுதாததால் தமிழ் உடையுது, பிறகு "தமிழ் சப்போர்ட் இல்லை, இங்கிலிஷிலயே விடுவம்" எண்டு முடிவெடுக்கினம். எனக்கு உண்மையில் கோபம் வாறது இந்த இடத்திலதான்.

"ஆண்ட் பழசு, கிரேடிலுக்கு மாறுங்க" எண்டு சில பேர் சொல்லுவினம். மாறுங்கோ, நல்லது. ஆனால் கிரேடில் ஃபைலுக்குள்ளயும் சி டிரைவை எழுதலாம், எழுதியும் பார்த்திருக்கிறன்.

அவள் ஒரு பின்னேரத்தில் பதினைஞ்சு வரி மாத்தினாள். நாலு மெஷினிலயும் ஓடிச்சுது. வைவாவில் "பில்ட் ஸ்கிரிப்ட் ஆர் செய்தது?" எண்டு கேட்க, அவன்தான் கை உயர்த்தினான்.