ஆர்டர் பண்ணது, வந்தது

வி.பி.பி.யில், அதாவது பணம் கட்டிப் பெறும் தபாலில், மூட்டைப்பூச்சி மிஷின் வரவழைத்தவர் கதையை நம் வழக்காற்றுக் களப்பணியாளர்களில் பலர் கேட்டிருப்பார்கள். பத்திரிகை விளம்பரத்தை நம்பித் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலைப் பிரித்தால் உள்ளே இரண்டு மரக்கட்டைகள், கூடவே ஒரு சீட்டு: பூச்சியைப் பிடித்து முதல் கட்டைமேல் வைத்து, இரண்டாவதால் ஓங்கி அடிக்கவும். அமெரிக்காவில் இதே கதையில் மூட்டைப்பூச்சிக்குப் பதில் உருளைக்கிழங்கு வண்டு வரும். பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கும் பழக்கம் போன இடமெல்லாம் இந்தக் கதையும் போயிருக்கிறது. இந்தியாவுக்கு வி.பி.பி. வந்தது 1877இல். இன்றைய ‘கேஷ் ஆன் டெலிவரி’ அதன் கொள்ளுப்பேரன்.

கதையின் இன்றைய வடிவம் இரண்டு கட்டப் படம். இடப்பக்கம் ‘ஆர்டர் பண்ணது’: விளக்கு வெளிச்சத்தில் மாடல் உடுத்திய பட்டுப்புடவை. வலப்பக்கம் ‘வந்தது’: அதே நிறம் என்று சத்தியம் செய்தால்தான் நம்பலாம் என்கிற மாதிரி ஒரு துணி.

இதெல்லாம் நாட்டார் வழக்காறா என்று கருத்தரங்குகளில் இன்னும் கேட்கிறார்கள். அலுவலகங்களில் ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றப்பட்ட நகைச்சுவைத் தாள்களை ஆலன் டண்டிஸும் கார்ல் பாக்டரும் 1975இலேயே தொகுத்துப் புத்தகமாக்கிவிட்டார்கள். அத்தோடு தீர்ந்துபோன வழக்கு இது. என் கவலை, தொகுக்க முன்வந்தவர்கள் தொகுக்கும் விதம் பற்றியது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார்கள், எண் போட்டு அடுக்குகிறார்கள். யார், யாரிடம், எந்தப் பேச்சுக்கு நடுவில் அதை அனுப்பினார்கள் என்பது பதிவாவதில்லை. இந்த வகை நகைச்சுவையில் பாதிப் பொருள் அங்கேதான் இருக்கிறது.

‘மீஷோ’ என்ற விற்பனைச் செயலியின் பெயரை முன்னொட்டாக்கிச் சொல்லும் கேலியைப் பாருங்கள். பிரபல நடிகரின் சாயலில் கொஞ்சம் இருக்கும் பையன் ‘மீஷோ’ பட்டத்தோடு அந்த நடிகராகிவிடுகிறான். ஆங்கில இணையத்தில் இந்த இடத்தில் முதலில் இருந்தது ‘விஷ்’ என்ற செயலி. 2022இல் அமெரிக்காவில் டெமு இறங்கியபின் அந்தப் பெயர் உள்ளே வந்தது. 2015இல் பெங்களூருவில் தொடங்கிய மீஷோ இங்கே அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பாத்திரங்கள் மாறும், செயல் மாறாது என்று நாட்டார் கதை ஆய்வாளர் புராப் 1928இல் எழுதியதைக் கற்பிக்க இதைவிட வசதியான எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைக்காது.

ஆனால் வாய்பாட்டோடு நின்றுவிட்டால் ஒன்று நழுவிவிடும். தான் வாங்கிய 299 ரூபாய்க் குர்தியைப் படம் பிடித்துத் தோழிகள் குழுவில் போடுகிற பெண், ‘மீஷோதானே, இந்தக் காசுக்கு வேற என்னடி வரும்’ என்று தன்னையே கேலி செய்துகொள்கிறாள். மூட்டைப்பூச்சி மிஷின் கதையில் ஏமாந்தவன் எப்போதும் வேறொருவன்தான். இங்கே ஏமாந்தவளே கதைசொல்லி, அதுவும் முழுசாக ஏமாறாதவள். என்ன வரும் என்று பாதி தெரிந்தே பட்டனை அமுக்கியவள். அதே சொல்லை வைத்து ஒரு கல்யாண வீட்டில், கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் எடுத்தவர் இன்னொருத்தியின் புடவையைப் பார்த்து ‘மீஷோவா?’ என்று கேட்கும்போது அது வெறும் இளக்காரம். வாசகம் ஒன்று, வழக்காறு இரண்டு. எண் போட்ட தொகுப்பில் இரண்டும் ஒரே எண்ணில் போய் உட்கார்ந்துவிடும்.

வலப்பக்கக் கட்டத்தையும் நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். மொட்டைமாடிக் கொடிக்கயிறு, பிளாஸ்டிக் நாற்காலி, கிழித்துப்போட்ட பார்சல் கவர், படத்தின் ஓரத்தில் தெரியும் தம்பியின் கால் எல்லாமே தரவுதான். இடப்பக்கம் இருப்பது எங்கேயும் இல்லாத ஒரு வீடு. வலப்பக்கம் இருப்பது நம் வீடு. சிரிப்பில் ஒரு பங்கு துணிக்கு, ஒரு பங்கு அந்த வீட்டுக்கு என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் கட்டுரை எழுதலாம்.

விற்பனைச் செயலிகளின் பின்னூட்டப் பகுதி தனி வயல். ‘பொருள் மட்டம், கொண்டுவந்த அண்ணன் தங்கம், அதனால 5 ஸ்டார்’ என்ற பாணி விமர்சனத்துக்கு இதற்குள் எத்தனையோ வேறுபாட்டு வடிவங்கள் உண்டு. பார்சலைப் பிரிக்காமலேயே ஐந்து நட்சத்திரம் போடுவது இன்னொரு வகை. நல்ல எம்.ஃபில். மாணவர் கிடைத்திருந்தால் அந்தக் காலத்தில் இதைத் தலைப்பாகக் கொடுத்திருப்போம்.

சிக்கல் காணொளிகளில் வருகிறது. பார்சலைப் பிரித்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கவைக்கும் பலரின் பதிவுக்குக் கீழே வாங்குவதற்கான இணைப்பும் இருக்கிறது. விற்றால் அவர்களுக்குக் கமிஷன். வழக்காற்றியலாளர் ரிச்சர்ட் டார்சன் 1950இல் போலி வழக்காறு என்று கண்டித்த சரக்கு இதுதானே என்று சிலர் ஒதுக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடுகுடுப்பைக்காரரும் பாம்பாட்டியும் காசுக்குத்தான் பாடினார்கள், நாம் பதிவு செய்யாமலா விட்டோம்? இணைப்பு இருந்தால் இருக்கிறது என்று எழுதிவைப்போம்.

அடுத்த இதழில் இதற்கென ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறோம். அனுப்புகிறவர்கள் படத்தோடு அது எந்தக் குழுவில், யார் யாருக்கு அனுப்பியது, அடுத்து வந்த முதல் பதில் என்ன என்பதைச் சேர்த்து எழுதுங்கள். சொன்னவரின் வயது, தொழில், பாலினம் போதும். பெயரும் கணக்கு அடையாளமும் வேண்டாம், முகத்தை மறைத்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் வந்தது 24 மணி நேரத்தில் போய்விடும், ஆகவே பார்த்த அன்றே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. இசைவு வாங்காத எதையும் அச்சிட மாட்டோம்.