கடைசி வாங்கு எங்கே கிடக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தீவகப் பெற்றோரும் சக ஆசிரியர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்று ஒரு மலையாளப் படம். வினேஷ் விஸ்வநாத் இயக்கி 2024 நவம்பரில் வெளிவந்தது. 'வேட்பாளர் ஸ்ரீகுட்டன்' என்பதுதான் அர்த்தம். ஏழாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற ஒரு குழப்படிக்காரன் ஸ்ரீகுட்டன். அவனும் அவன்ர கூட்டாளிகளும் செய்கிற கூத்துகளைப் பார்த்து வயிறு நோகச் சிரிக்கலாம். அஜு வர்கீஸ் நடித்த ஆசிரியருக்கோ கடைசி வாங்கைக் கண்ணில் காட்டக் கூடாது. பள்ளிக்கூடத் தேர்தல் வருகிறது. முன்வாங்கு அம்பாடி, படிப்பிலும் பேரிலும் முதலாவது, கேட்கிறான். அவனை எதிர்த்து ஸ்ரீகுட்டனும் கேட்கிறான். படம் இதுதான்.

இந்தப் படத்தின் கடைசியில் வகுப்பறையின் வாங்குகள் சுவரோரமாக வளைத்துப் போடப்படுகின்றன. நடுவில் ஆசிரியர். முன் வரிசையும் இல்லை, பின் வரிசையும் இல்லை. இதைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் சில பள்ளிக்கூடங்கள் உண்மையாகவே அப்படி மாற்றின. கொல்லம் மாவட்டம் வாளகத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடம் முதலில் மாற்றியவற்றில் ஒன்று. பஞ்சாப் வரைக்கும் இது போனது. 2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையும் பிள்ளைகளை 'ப' வடிவில் இருத்தச் சொல்லி அறிவுறுத்தியது. உடனே எதிர்ப்பும் வந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பிள்ளைக்கு நோகும், பக்கவாட்டில் இருந்தால் பலகை தெரியாது, நெருக்கமான வகுப்பில் இடமே காணாது என்றார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை. 40, 45 பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிற ஆசிரியருக்கு வாங்கை வளைக்கச் சொன்னால் அவர் எங்கே போவார்?

எங்கள் தீவுகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் எத்தனையோ வகுப்புகளில் 15 பிள்ளைகள் கூட இல்லை. இடம் தாராளமாகக் கிடக்கிறது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எங்களிடம் கடைசி வாங்கு என்று ஒன்று இருக்கவே கூடாது. ஆனால் இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் மூன்று பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டால் அவர்களின் கண் யன்னலுக்குப் போய்விடும்.

ஆரம்பப் பிரிவு வகுப்பொன்றை எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் குழுவாக இருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைப்பார்கள், வெட்டி ஒட்டுவார்கள். தரம் 6 வந்தவுடன் வரிசை வந்துவிடும். இடையில் நடந்தது என்ன? புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளில் பலர் ரவுண் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சப் பிள்ளைகள் இங்கே. 'மிச்சம்' என்ற சொல்லை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பிள்ளைக்கு விளங்குகிறது. பத்து வயதில், ஒரு நாள் எழுதிய பரீட்சையால், ஒரு தீவுப் பள்ளிக்கூடம் முழுவதும் கடைசி வாங்காகிவிடுகிறது. அதில் பிறகு நாங்கள் இன்னொரு கடைசி வாங்கு போடுகிறோம்.

பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. கடல் கொந்தளித்தால் படகு இல்லை, பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, வந்த ஆசிரியரும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இதெல்லாம் உண்மை. நான் கேட்பது ஒன்றுதான். இங்கே படிக்கிற பிள்ளையிடம், "இஞ்ச கிடந்து நீ என்னத்தை வெட்டிக் கிழிக்கப் போறாய்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை பிறகு ரவுணுக்குப் போனாலும் அங்கே 'தீவார்' என்ற பகிடி காத்திருக்கிறது. வீட்டிலும் பட்டு வெளியிலும் பட்டால் அது எங்கே போய் நிமிர்ந்து நிற்கும்?

இன்னொன்றும் எழுத வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் சில திரும்பி வந்திருக்கின்றன. பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களின் தமிழ் இந்தத் தமிழ் இல்லை. வகுப்பில் வாய் திறந்தால் சிரிப்பு. சிரிக்கிற பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அது புதுச் சத்தம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு முறை சிரிப்பு வாங்கிய பிள்ளை மூன்றாவது முறை வாயைத் திறக்காது. அமைதியான பிள்ளை, நல்ல பிள்ளை என்று நாங்கள் தேர்ச்சி அறிக்கையில் எழுதிவிடுவோம்.

இந்த இடத்தில் இன்னொரு படம் நினைவுக்கு வருகிறது. 2004இல் வந்த 'நெப்போலியன் டைனமைட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம். ஐடஹோ மாநிலத்தில் பிரெஸ்டன் என்ற சின்ன ஊரில், கிட்டத்தட்ட 4 இலட்சம் டொலரில், ஜாரட் ஹெஸ் எடுத்தது. ஹொலிவூட் கணக்கில் அது சில்லறைக் காசு. நெப்போலியன் ஒருத்தரோடும் ஒட்டாத பெடியன். அவனுக்குக் கிடைக்கிற கூட்டாளி பெட்ரோ, புதிதாக வந்து சேர்ந்த மெக்சிக்கப் பிள்ளை, அதிகம் கதைக்காதவன். அந்தப் பெட்ரோதான் மாணவர் தேர்தலில் நிற்கிறான். கேரளத்தில் எடுத்தாலும் அமெரிக்காவில் எடுத்தாலும் ஒதுங்கி நிற்கிற பிள்ளையின் கதை ஏன் தேர்தலில் வந்து முட்டுகிறது? வகுப்பு முழுவதும் அவன் பேரைச் சொல்ல வேண்டிய ஒரே நாள் அதுதான் என்பதால் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடங்களிலும் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. வாக்குச்சீட்டு இருக்கிறது, பிரதமர் இருக்கிறார், அமைச்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் யார் நிற்பது என்று பல இடங்களில் ஆசிரியர் அறையிலேயே முடிவாகிவிடும். கெட்டிக்காரப் பிள்ளை, ஆங்கிலம் கதைக்கிற பிள்ளை, விருந்தினர் வந்தால் மாலை போடத் தோதான பிள்ளை. மாணவ முதல்வர் சின்னமும் அதே சட்டைகளில்தான் குத்தப்படும். ஒரு ஸ்ரீகுட்டன் "நானும் நிக்கிறன் சேர்" என்று கேட்டால், "முதல்ல கணக்கில பாஸ் பண்ணிப் போட்டு வா" என்போம்.

அந்த மலையாளப் படத்தில் எனக்கு மிகப் பிடித்தது, வாங்கை மாற்றுகிற யோசனை யாரிடமிருந்து வருகிறது என்பதுதான். கல்வி அதிகாரி சொல்லவில்லை, ஆசிரியர் சொல்லவில்லை. பின்னால் இருந்து அவமானப்பட்ட பிள்ளை சொல்கிறது. அங்கே இருந்து பார்த்தவனுக்குத்தான் வகுப்பில் எது பிழை என்று தெரியும். நாங்கள் அவனைக் கேட்டதே இல்லை.

எனவே வாங்கை வளைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வட்டமாக இருத்திவிட்டு, புள்ளிகளைக் கூடின புள்ளியிலிருந்து குறைந்த புள்ளி வரை உரத்து வாசித்தால் அந்த வட்டத்திலும் கடைசி வாங்கு வந்துவிடும். காசு செலவில்லாமல் நாளைக்கே தொடங்கக் கூடிய சில வேலைகள் இருக்கின்றன.

இருக்கைகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றுவோம். புள்ளியைப் பிள்ளையின் கையில் கொடுப்போம், வகுப்புக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். கை உயர்த்தாத பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் வரும்வரை கொஞ்சம் பொறுப்போம். புத்தளத் தமிழோ நெடுந்தீவுத் தமிழோ, பிள்ளை தன் வாயில் வருகிறபடி கதைக்கட்டும். மாணவர் பாராளுமன்றத்துக்கு நிற்க விரும்பியவர் எல்லாரும் நிற்கட்டும். தோற்றாலும் பரவாயில்லை, மேடையில் ஏறி இரண்டு நிமிடம் தன் பேரைச் சொல்லிக் கதைத்த பிள்ளை அதை மறக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இண்டைக்கு ஆரோட இருந்தாய், என்ன கதைச்சாய்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். ஒருத்தரோடும் இல்லை என்று பதில் வந்தால் அடுத்த நாளே வந்து வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். அந்தப் பதில் கணக்குப் புள்ளியை விடப் பெரிய விசயம்.

படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து பாருங்கள். மலையாளம் எங்களுக்குப் பாதிக்கு மேல் விளங்கும். பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை யார் பக்கம் நின்று சிரிக்குது என்று கவனியுங்கள். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மாறுபட்ட கருத்தென்றாலும் எழுதுங்கள், பேசுவோம்.