பெயரும் வேண்டும், கூலியும் வேண்டும்!

மில்லில் நூல் நூற்ற தொழிலாளியின் பெயர் எந்த வேட்டியிலாவது அச்சாகியிருக்கிறதா? இல்லை. மில்லின் முத்திரைதான் இருக்கிறது. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த விவசாயத் தொழிலாளியின் பெயர் எந்த அரிசி மூட்டையிலாவது இருக்கிறதா? இல்லை. வியாபாரியின் மார்க்குதான் இருக்கிறது. செய்தவன் பெயர் மறைவதும், விற்பவன் பெயர் நிலைப்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்துக்கு மாறாக, செய்தவர் பெயரை எழுதி வைக்கும் ஒரு தொழில் உலகத்தில் நடந்து வருகிறது. அதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் ஒரு கூலிப் பிரச்னை உண்டு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஜக்கார்டு தறியில் கரை எப்படி விழ வேண்டும் என்று துளையிட்ட அட்டை சொல்கிறதல்லவா? அதுபோல் கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் கட்டளைகள் உண்டு. அதற்கு மென்பொருள் என்று பெயர். பல கம்பெனிகள் இந்தக் கட்டளைகளைப் பூட்டி வைத்து விற்கின்றன. பூட்டாமல், யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று திறந்து வைப்பதுதான் திறமூல மென்பொருள். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இப்படியொரு முயற்சியை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். இன்று நம்மில் பலர் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடிப்படை லினக்ஸ்தான். பல நாட்டு ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு அதில் சேர்ந்திருக்கிறது.

அங்கே ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் அவர் பெயர் பதிவாகிறது. 2005 முதல் இதற்குக் 'கிட்' என்ற பதிவேடு இருக்கிறது. எழுதியவர் பெயர் மட்டுமா? பிழையைக் கண்டு சொன்னவர், ஓட்டிப் பார்த்துச் சோதித்தவர், படித்துச் சரி என்று சொன்னவர் ஆகியோரின் பெயரையும் தனித்தனியே குறிக்க வழி செய்திருக்கிறார்கள். மில்லில் மஸ்டர் ரோல் மேஸ்திரி கையில் இருக்கிறது. இந்த மஸ்டர் ரோலின் நகலோ வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஒருவர் பெயரை ரகசியமாக அடித்துவிட முடியாது. இது பாராட்டத்தக்க முறை என்பதில் ஐயமில்லை.

ஆனால், பெயர் எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

கிட்ஹப் என்பது இத்தகைய உழைப்பாளிகள் கூடி வேலை செய்யும் களம். 2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-ல் அந்தக் கிட்ஹப், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் ஒரு பழைய சுரங்கத்துக்குள் இந்த மென்பொருள்களைப் பிலிமில் பதித்துப் பத்திரப்படுத்தியது. அவற்றில் பங்கு கொண்டவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதக்கச் சின்னத்தையும் வைத்தது. நல்லதுதான். ஆனால் அந்தச் சின்னத்தைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியுமா என்று நாம் கேட்கிறோம்.

2024-ல் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஒரு சிறு மென்பொருள். உலகமெங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. பல ஆண்டுகள் அதைக் கட்டிக் காத்தவர் ஒரே மனிதர். இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று 2022-லேயே அவர் எழுதினார். வேலை தாமதமாகிறது என்று சிலர் அவரை நச்சரித்தார்கள். உதவிக்கு வருவதாகச் சொல்லி, பொய்ப் பெயரில் என்று கருதப்படும் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையாக வேலை செய்தார். பிறகு, உலகத்துக் கம்ப்யூட்டர்களில் புகுந்துகொள்ளத் திருட்டு வாசல் ஒன்றை வைத்துவிட்டார். தம் கம்ப்யூட்டரில் ஒரு வேலை அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆந்திரேஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று இதை அம்பலப்படுத்தினார். உலகம் அவரைப் புகழ்ந்தது. புகழ வேண்டியதுதான். ஆனால் அத்தனை ஆண்டுகள் தனியாகச் சுமை தூக்கியவரை யார் கேட்டார்கள்? திருடன் புகுந்த பிறகல்லவா காவல்காரர் ஒருவர் இருந்தார் என்பதே ஊருக்குத் தெரிந்தது!

2014-லும் இதே கதைதான். இணையத்தில் பணப் பரிமாற்றங்களையும் கடவுச் சொற்களையும் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அந்த அமைப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. முழு நேரமாக வேலை செய்தவர் ஒருவரே. ஆபத்து வந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் ஒன்று சேர்ந்து நிதி வைத்தன. இரண்டு பேருக்கு முழுநேரச் சம்பளம் கிடைத்தது. வந்த பணம் முன்பே ஏன் வரவில்லை?

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, ஆசைப்பட்டுத்தானே செய்கிறார்கள்" என்று சிலர் வாதிக்கலாம். ஆசையோடு செய்வது உண்மைதான். தன் திறமையைப் பிறர் மெச்ச வேண்டும் என்று விரும்புவது குற்றமும் அல்ல. நல்ல தறிகாரனும் தொழிலை நேசிக்கிறான். அதற்காக அவனுக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லலாமா? லினக்ஸின் மையப் பகுதியில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இன்று கம்பெனிகளில் சம்பளம் பெறுகிறார்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. லாபம் தெரிகிற இடத்தில் சம்பளம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரத்தில் வேலை செய்கிறவருக்கு நன்றி மட்டும் வருகிறது. நம் குறை இதுதான்.

வழி இல்லாமலில்லை. ஜெர்மனி அரசு 2022-ல் இதற்கென்றே ஒரு நிதியைத் தொடங்கி, பொதுப் பணத்திலிருந்து இத்தகைய வேலைகளுக்குக் கொடுத்து வருகிறது. பொதுக் குளத்தைப் பொதுப் பணத்தில் தூர் வாருவது போன்றது இது. இதைப் பிற அரசுகளும் செய்ய வேண்டும். இந்த உழைப்பால் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் ஆபத்துக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் பங்கு செலுத்த வேண்டும். பயர்பாக்ஸ் போன்றவற்றைத் தமிழில் மொழிபெயர்த்த தொண்டர்களும், பிழை கண்டு சொன்னவர்களும் மரியாதையில் கடைசி வரிசைக்குத் தள்ளப்படக் கூடாது.

நாமும் ஒன்று கற்றுக்கொள்ளலாம். வேலைநிறுத்த நாட்களில் மேடையில் பேசியவர் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. கஞ்சித் தொட்டியில் விடிய விடியக் கஞ்சி காய்ச்சிய பெண்கள் எத்தனை பேரின் பெயர் சங்கத்தின் நோட்டில் இருக்கிறது? அந்தப் பெயர்களை விசாரித்து இப்போதாவது எழுதுவோம்.

செய்தவர் பெயர் ஏட்டில் ஏறட்டும். செய்த வேலைக்குக் கூலி கையில் சேரட்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பது நியாயமாகாது.