பட்டி பூசினால் துரு போகுமா?

துருவை மறைப்பது திருத்தவேலை அல்ல. இதைச் சொல்ல ஒரு பதிவு தேவையா என்று கேட்பீர்கள். தேவைதான்.

அண்மையில் எஹலியகொடையில் நண்பர் ஒருவர், புதுப்பூச்சில் மின்னும் மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கி வந்தார். முழுமையாகத் திருத்தியது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. சுரண்டிப் பார்த்தோம். விரல் தடிப்புக்குப் பட்டி உதிர்ந்தது. அதன் பின்னால் தகரம் இல்லை. கசக்கித் திணித்த பழைய பத்திரிகைத் தாள் இருந்தது. பத்திரிகைக்காரனான எனக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான இந்தக் காருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடலே எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதிதான் பாரம் தாங்குகிறது. அதைத் துரு தின்றபின் பட்டி பூசி ஓட்டுவது, கறையான் அரித்த உத்தரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அதன்கீழ் பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்குச் சமம்.

நம் சப்ரகமுவ மழையைச் சொல்ல வேண்டியதில்லை. வடிகால் துவாரங்கள் சேற்றில் அடைபட, உள்ளே தேங்கும் நீர் தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். பட்டியோ ஈரத்தை உறிஞ்சி, எஞ்சிய இரும்போடு சேர்த்து வைத்துக்கொள்கிறது.

"பாகம் கிடைப்பதில்லை, என்ன செய்வது?" என்பார்கள். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த சார்ள்ஸ் வெயாரின் மொரிஸ் மைனர் நிலையத்துக்காக, இதே இலங்கையில்தான் தகடுகள் செய்து கப்பலேற்றினார்கள். வெள்ளைக்காரன் காருக்கு நல்ல தகடு, நம் காருக்குப் பட்டியும் பத்திரிகைத் தாளுமா? 2020 மார்ச் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நெருக்கமாக நீடித்த இறக்குமதித் தடையில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. பூசி விற்பவர்களுக்கு அது நல்ல காலம்.

வீட்டிலேயே நேர்மையாகச் செய்யலாம். மைனரின் மட்காட் ஆணிமுறுக்கில் நிற்பது, கழற்றி எடுக்கலாம். துருவைப் பளிச்சிடும் இரும்பு தெரியும் வரை வெட்டுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், முகமூடி அணியுங்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள். புதுத் தகடு ஒட்டிய அன்றே துத்தநாகம் கலந்த முதற்பூச்சு, பெட்டிப் பகுதிக்குள் மெழுகு. பட்டி கடைசியில், அதுவும் சிறு மேடுபள்ளத்துக்கு மட்டும். பாரம் தாங்கும் பகுதியை வெட்டுமுன் காருக்கு முட்டுக் கொடுங்கள். கைவராவிட்டால் தெரிந்த வெல்டிங் பாஸிடம் கொடுத்து, அருகில் நின்று பாருங்கள்.

ஒரு வருடம் செல்லட்டும், பரவாயில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு போங்கள். அதைக் கண்டு கோபிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.