புயலும் ஓட்டை வள்ளமும்

2022 ஆம் ஆண்டு இலங்கை அடைந்த பொருளாதார வீழ்ச்சிக்கு உலகச் சந்தையில் எழுந்த புயலே காரணம் என்று கூறி அமைவோர் உளர். அக்கூற்று முற்றும் பொய்யன்று. பெருந்தொற்றுக் காலத்தில் பூச்சியத்தை அண்டி நின்ற அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022 மார்ச் மாதம் ஏறத் தொடங்கி, 2023 யூலையில் 5 வீதத்துக்கு மேல் நின்றது. டொலர்க் கடன் எங்கும் அரிதாயிற்று. எனினும், அதே ஏற்றத்தை இந்தியாவும் எதிர்கொண்டது. அதன் அரசு கடன் தவறவில்லை. அங்கு அரசுக்கடனின் மிகப் பெரும்பகுதி சொந்த நாணயத்திலேயே பெறப்பட்டிருந்தது.

இலங்கையின் கதை வேறு. 2007 இல் 50 கோடி டொலருக்கு முதன்முதலாக உலகச் சந்தையில் பிணைமுறி விற்ற நாடு, வட்டி மலிந்த காலமெல்லாம் அவ்வழியே சென்றது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியையும் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்துக்கொண்டது. வரவு ரூபாவில், கடன் டொலரில்! தென்னிலங்கையில் கடை வைத்து வாழ்ந்த தீவக வணிகர் எவரும் இக்கணக்கைக் கண்டு நகைத்திருப்பர். அமெரிக்க வட்டி ஏறுதற்கு முன், 2020 இலேயே, கடன்சந்தை இலங்கைக்குக் கதவடைத்துவிட்டது. புயல் வருமுன்னரே வள்ளம் ஓட்டை.

சர்வதேச நாணய நிதியத்து ஆய்வாளர் 2017 இல் வற்புறுத்திய கருத்தொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. கடன் எளிதிற் கிடைக்கும் காலம் உடனடி வளர்ச்சியைத் தரினும், பின்னர் நேரக்கூடிய வீழ்ச்சியின் ஆழத்தை மிகுவிக்கும். ஆகவே சராசரியை மட்டுமன்றி, மிகத் தீய நிலையையும் அளத்தல் வேண்டும் என்பர். நன்று. ஆயின் அவ்வளவை நாட்டெல்லையோடு நின்றுவிடுகிறது. 2022 இல் நாட்டின் உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. ஊர்காவற்றுறையில் அச்சுருக்கம் மண்ணெண்ணெய்க் கலனில் தெரிந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் லீற்றர் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. பழைய விலை அடக்கவிலைக்குக் கீழானது என்ற வாதம் சரியே. ஆனால் அவ்விலையை நம்பியே படகும் இயந்திரமும் வாங்கப்பட்டன. தேசிய மின்வழங்கலோடு இணையாத நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அன்று விளக்கும் டீசலில் எரிந்தது. குறிகாட்டுவானிலிருந்து அரிசி மூடையும், குறிகாட்டுவானுக்கு நோயாளியும் டீசலிலேயே கடல் கடக்க வேண்டியிருந்தது.

கடன் கொடுத்தோர் நிலை யாது? 2024 டிசெம்பரில் பழைய பிணைமுறிகள் மாற்றப்பட்டன. புதியவற்றுட் சில, நாட்டின் மொத்த உற்பத்தி குறித்த அளவை விஞ்சின் கொடுப்பனவும் கூடும் வகையில் எழுதப்பட்டவை (குறையின் குறையும் என்ற விதியும் உண்டு). எண்ணெய்க்குப் பணமின்றிக் கரையேறிய வள்ளங்களின் பெயரில் அத்தகைய உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லை.